பாவிகளைச் சுடும் பீடம்

ஊரே முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. எதற்கு? உட்காருவதற்கு! ஆமாம் ஐயா, ஊருக்கு வந்து கூடம் போட்டிருந்த சாமிகளின் செப்புப் பீடத்தில் பாவி உட்கார்ந்தால் சுடுமாம், புண்ணியவான் உட்கார்ந்தால் ஜில்லென்று இருக்குமாம். காணிக்கைத் தட்டில் கனமாக வைத்தவர்கள் எல்லாரும் புண்ணியவான்களாகவே இருந்தார்கள். என்ன பொருத்தம் பாருங்கள்!

லிஃப்ட் கம்பெனியில் வயரிங் சோதிக்கிற இன்ஜினியர் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவளை இழுத்து வந்து பீடத்தில் உட்கார வைத்தாள். வெறுந்தட்டோடு வந்த பெண்ணாயிற்றே, சுடாமல் இருக்குமா? "ஸ்... ஆ!" என்று துள்ளி எழுந்தாள்.

"பாவி! கல்யாணம் கேன்சல்!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு அழுதார். மாப்பிள்ளை மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தார்.

பெண் பார்த்தது பல்பை. அவள் துள்ளிய நேரத்தில் கூடத்து பல்பு மங்கி, பிறகு பளிச்சென்று எரிந்தது. "பாவி உட்கார்ந்தா பல்பு ஏன் அழுது வடியுது?" என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் அப்பாவோடு, வயரைக் கவ்வி மின்சாரத்தை அளக்கிற மீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் அன்றும் கூடத்தில்தான் இருந்தார்கள். சாமிகளுக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, அங்கிருந்து பீடத்துக்குப் போகிற வயரின் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் பிரித்து மீட்டரின் வாயில் மாட்டினாள். பூஜ்யம். ஒரு குமாஸ்தா பீடத்தில் உட்கார்ந்தார். சாமிகள் கண்ணை மூடி, காலை மட்டும் லேசாக அழுத்தினார். குமாஸ்தா "ஐயோ அம்மா!" என்றார். மீட்டர் "நாலு ஆம்பியர்" என்றது.

பெண் முன்னால் வந்து நின்றாள். "நானும் ஒரு குறி சொல்றேன், கேளுங்க! வர்றது இருநூத்தி முப்பது வோல்ட். ஓடுறது நாலு ஆம்பியர். ரெண்டையும் பெருக்கினா தொள்ளாயிரத்து இருபது வாட், ஒரு இஸ்திரிப் பெட்டியோட சூடு. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா தடை ஐம்பத்தேழரை ஓம். பீடத்துக்குள்ள அந்த அளவுல ஒரு சூட்டுக் கம்பி இருக்கு!"

"தொடாதே! கண் போயிடும்!" என்று அலறினார் சாமிகள்.

"பிளக்கைப் பிடுங்காம தொட்டா உயிரே போயிடும், சாமி. எனக்குத் தெரியாதா?"

பிடுங்கினாள். பீடத்தைக் கவிழ்த்தாள். உள்ளே சுருள் சுருளாகக் கம்பி! சாமிகளின் காலடிக் கம்பளத்துக்குக் கீழே சுவிட்ச்! கம்பியின் இரு முனையிலும் மீட்டரை வைத்தாள். ஐம்பத்தேழு. குறைந்த அந்த அரைதான் சாமிகளின் புண்ணியம் போலிருக்கிறது. அவரைத் தேடினால் பின்வாசல் திறந்து கிடந்தது.

"அம்மாடி! இப்படி ஒரு கெட்டிக்காரப் பொண்ணை விடுவேனா? கல்யாணத்தை உடனே வெச்சுக்கலாம்!" என்று குழைந்தாள் மாப்பிள்ளையின் அம்மா.

பெண் மாப்பிள்ளையிடம் திரும்பினாள். "நேத்து என்னைப் பாவின்னாங்களே, நீங்க ஏன் வாயைத் திறக்கலை?"

"அம்மா சொன்னாங்களேன்னு..."

"சரி, வேற பொண்ணையும் அம்மாவே பார்க்கட்டும். எனக்கு நீங்க வேண்டாம். வாங்கப்பா, போகலாம்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியும். பல்பு மங்கியதும் எல்லார் கண்ணிலும் பட்டதுதான். ஏன் என்று கேட்கத்தான் ஒரு வாய் இல்லை. உட்காரச் சொன்னால் உடனே உட்காருகிறவர்களே, ஒரு தடவையாவது பீடத்தைக் கவிழ்த்துப் பாருங்களேன்!