ரேம்புக்கு வாஸ்து பார்த்த கதை

எது நடந்தாலும் என் கார் போர்டிகோவை விட்டு நகராது என்று முடிவெடுத்தேன். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் கார் நிறுத்தச் சொந்த இடம் வைத்திருப்பவன் பாதி மகாராஜா. அதற்கு வேட்டு வைக்கத்தான் என் மனைவி அன்புச்செல்வி வாசலுக்குச் சாய்தளம், அதாவது ரேம்ப், கேட்டாள்.

அவள் அக்கா மதிவதனி விபத்துக்குப் பிறகு வீல்சேரில் இருக்கிறார். எங்கள் வாசல்படியோ உயரம். வந்தால் கேட்டுக்கு வெளியே டாக்ஸியில் உட்கார்ந்தபடியே காப்பி குடித்துவிட்டுப் போவார். தூக்கி வருகிறோம் என்றால் சம்மதிக்க மாட்டார். அவர் போனதும் அன்புச்செல்வி அழுவாள். எனக்கும் சங்கடந்தான். ஆனால் ரேம்ப் நீளமாகச் சரிந்து என் கார் இடத்தைத் தின்றுவிடுமே.

"ஏனுங்க, கொத்தனாரை வரச் சொல்லட்டுங்களா?"

"அம்மணி, தலைவாசல்ல கை வைக்கற காரியம். வாஸ்து பாக்காமச் செய்யலாமா?"

"பாத்துப்போடலாமுங்க. சுந்தரராஜுலுன்னு ஒருத்தர் இருக்காரு. நெம்பர் தாரேன், நீங்களே பேசுங்க."

மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன்.

"ஐயா, ரேம்ப் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"ஊட்டுக்குள்ள வந்து பாக்காம நான் எதும் சொல்றதில்லீங்க."

"தாராளமா வாங்க."

வந்தார். வீல்சேரில்.

படிக்கு முன்னால் சக்கரம் நின்றது. "தூக்கிக்கலாமுங்க" என்றேன். "நான் அரிசி மூட்டை இல்லீங்க. உள்ள வர வழி பண்ணுங்க. பாத்துட்டு, ரேம்ப் கட்டலாமா வேண்டாமான்னு சொல்லிப்போடறேன்" என்றார்.

மனைவியை ஓரமாக இழுத்தேன். "இவரு வீல்சேர்னு உனக்குத் தெரியுமா?"

"அக்கா பிசியோதெரபிக்குப் போற எடத்துல பழக்கமுங்க. நீங்க கேக்கவே இல்லியே."

"இப்ப என்ன பண்றது?"

"நீங்க வாங்கன்னு கூப்புட்ட மனுசன். வாசலோட அனுப்பினா மருவாதியா இருக்குமுங்களா?"

கொங்கு நாட்டுக்காரனை இப்படிக் கேட்டுவிட்டால் அவன் என்னதான் செய்வான்? கணக்குப் போட்டேன். கட்டுவோம். அவர் உள்ளே வந்து ஆகாது என்று சொல்லட்டும், மறுநாளே இடித்துவிடலாம். சிமெண்ட் வந்தது. கைப்பிடிக் கம்பியும் வந்தது. கார் தற்காலிகமாகத் தெருவுக்குப் போனது.

சிமெண்ட் காய்ந்ததும் சுந்தரராஜுலு மறுபடி வந்து, யார் கையும் படாமல் ஏறி உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே மதிவதனி அக்காவும் வந்து, வெகு நாளைக்கப்புறம் எங்கள் ஹாலில் காப்பி குடித்தார். அன்புச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானே அக்காவுக்கு இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றினேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, அந்த ரேம்ப்..."

"அருமையா அமைஞ்சிருக்குங்க. அந்தப் பக்கம் கார் மட்டும் நிறுத்திப்போடாதீங்க. வாஸ்துப்படி அது ஆகவே ஆகாது."