தப்பாகப் பேசமாட்டார்கள் என்பதற்கு நிரூபணம்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருங்கள். நீங்கள் சல்லடை போட்டுச் சலித்துப் பிடித்துக் கொடுத்த மாப்பிள்ளையால் இங்கே நாங்கள்தான் வாயடைத்துக் கிடக்கிறோம்.

அவர் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டு ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரோகிராம்களுக்கு, யார் எப்போது எதை அனுப்பலாம் என்று விதி எழுதுவார். எண் கேட்ட இடத்தில் பெயர் வந்து விழாது என்று நிரூபிப்பார். அதை மனுஷன் பார்த்தால் போதாதாம், கம்ப்யூட்டரே வரிவரியாகச் சோதித்துத் தலையாட்ட வேண்டுமாம். ஆட்டட்டும், யார் வேண்டாமென்றது? போன மாதம் நம் பெண் அவர் அக்காவைப் பற்றி ஏதோ சொல்ல, அவர் பதிலுக்கு உங்களைப் பற்றிச் சொல்ல (என்ன சொன்னார் என்று எழுதமாட்டேன், உண்மைதான்), ஒரு மன்னிப்புக் கேட்டுத் தொலைக்க வேண்டிய மனிதர், புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கே விதி எழுதிவிட்டார் மச்சான்! வீட்டுப் பேச்சு தனி, சமாதானப் பேச்சு தனி. முறை வராதவர் வாய் திறக்கக் கூடாது. சொந்தக்காரர்களை இழுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் தலையாட்டியது, இவளும் வீம்புக்குச் சரியென்றாள். அன்றிலிருந்து வீட்டில் மூச்! வீட்டுப் பேச்சை அவள் தொடங்க வேண்டும். சமாதானம் ஆகட்டும் என்று காத்திருக்கிறாள். சமாதானத்தை அவர் தொடங்க வேண்டும். அவள் முதலில் வீட்டுப் பேச்சைப் பேசட்டும் என்று காத்திருக்கிறார். பால் பொங்கி அடுப்பே அணைந்தது, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நேற்று அவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புகிறார், இவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள்!

பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "என்ன மாப்பிள்ளை, தப்பே வராதுன்னீங்களே?"

"எங்க மாமா தப்பு வந்திருக்கு? தப்பாப் பேச மாட்டோம்னுதான் நிரூபிச்சேன். பேசுவோம்னு நிரூபிக்கலையே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்ணோ, "மாமாவை வரச் சொல்லுங்கப்பா, நான் அவரோட போயிடறேன். திரும்பி வரமாட்டேன்" என்கிறாள். குடும்பம் உடைவதற்குள், ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் கிளம்பி வாருங்கள்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் வாய் ஓயாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சமையலறையில் நம் பெண் விரலை நறுக்கிக்கொண்டாள். "ஐயோ, பாத்து!" என்று மாப்பிள்ளை தன் முறை வராமலே அலறிவிட்டார். "இப்பதான் வாய் வந்துதா?" என்று பிடித்துக்கொண்டாள் பாருங்கள்! சண்டைப் பேச்சில் அவர் அக்காவும் வந்தாயிற்று, நீங்களும் வந்தாயிற்று, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். விலக்கிவிடப் போனேன். "நீங்க சும்மா இருங்க!" என்று ஒரே குரலில் என்மேல் பாய்ந்தார்கள். வயிறு குளிர்ந்துவிட்டது மச்சான். தயவுசெய்து வராதீர்கள்.