அப்பா, வண்டியை நிறுத்து!

“பேர மாத்தறதுக்கா உனக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கப் போறாங்க?”

செங்கல்பட்டில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது அப்பா கேட்டது இது. அவர் புதுப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். (அந்தத் தலைக்கனத்தை ஏற்றிப்போகவே தனி ஆட்டோ தேவைப்பட்ட காலம்.)

ஆட்டோ சங்கத்துக்காக எங்கள் அலுவலகம் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தது. ஒரு கட்டளை தட்டினால் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் குரல் அறிவிப்பு போகும். கட்டளைக்குப் பின்னால் கோடு போட்டு ‘இசட்’ சேர்த்தால் எதுவும் போகாது. யார் யாருக்குப் போகும் என்று திரையில் காட்டுவதோடு சரி. அதற்கு ஏன் இசட்?

“மத்த எழுத்தெல்லாம் தீந்துபோச்சும்மா” என்றார் மேலாளர் சரவணன் சார்.

இப்படிக் கட்டளையோடு ஒட்டிவரும் ஆப்ஷன்களுக்குப் புரியும்படி பெயர் மாற்றுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். பறந்தேன்! இசட் போய் ‘ப்ரிவியூ’ வந்தது. பழைய பெயர்களைச் சுவடில்லாமல் துடைத்தேன். தெரியாத ஆப்ஷன் வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் வேலையைத் தொடர்வது அந்த நிரலின் குணம். அது என் மண்டையில் ஏறவே இல்லை. சோதனைக்கு என் குரலையே பதிந்துவைத்தேன்.

மாமல்லபுரத்தில் சங்கத் தலைவர் முன்னால் செய்து காட்டும் நாள். “மொதல்ல சும்மா காட்டறேன், யாருக்கும் போவாது” என்ற சார், பழகிய விரலால் இசட்டைத் தட்டினார்.

தலைவரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, வண்டிய நிறுத்து! சீக்கிரம் வூட்டுக்கு வா. அம்மா வஞ்சிரம் கொழம்பு வெச்சிருக்கு!”

“இன்னாது, அப்பாவா? எனக்கு இன்னும் கண்ணாலமே ஆவலியே!” என்று அலறினார் தலைவர்.

கடற்கரைச் சாலை நெடுக ஆட்டோக்கள் ஓரங்கட்டின. பெண் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் பதறி வீட்டுக்கு போன் போட்டார்கள். அப்பா மட்டும் போன் போடவில்லை. நான் அங்கேதான் இருப்பேன் என்று தெரிந்து, பயணிகளோடு நேராகச் சங்க வாசலுக்கே வந்துவிட்டார்.

“பாப்பு! இன்னா ஆச்சு? காலைல அம்மா ரசந்தான வெச்சிது?”

வேலை போயிற்று என்று நின்றேன். தலைவரோ வாசலுக்குப் போய் வரிசையாக நின்ற ஆட்டோக்களைப் பார்த்துவிட்டு வந்தார். “கொழம்புக்கே இத்தினி பேர் நிக்கறான். புயலுன்னு சொன்னா நிக்கமாட்டானா? வெச்சிக்கறோம் சார்.”

சார் என் பக்கம் திரும்பினார். “தமிழ்ச்செல்வி, நாளைக்குள்ள சரிபண்ணு.”

அப்போதுதான் உறைத்தது. அப்பா ‘பாப்பு’ என்றாலும் திரும்புகிறேன், சார் ‘தமிழ்ச்செல்வி’ என்றாலும் திரும்புகிறேன். மறுநாளே நிரலுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தேன்: பழைய பெயரைச் சொன்னாலும் கேட்கும், புதுப் பெயரையும் நினைவூட்டும். அறியாத பெயர் வந்தால் அப்படியே நின்றுவிடும். வேலை நிரந்தரமானது.

ஆட்டோ ஸ்டாண்டில் மற்ற ஓட்டுநர்கள் அப்பாவை இன்றும் விடுவதில்லை: “அண்ணாத்த, இன்னைக்கி வஞ்சிரமா, ரசமா?”

எங்கள் நிரலுக்கு அடிப்படை, எந்தெந்த நாட்டுக்காரர்களோ சேர்ந்து எழுதிய ஓர் இலவச மென்பொருள். அதிலும் ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள்தான். எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் வைத்து, பழைய பெயர்களையும் விட்டுவைத்து, போன வாரம் அவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

என் குரல் பதிவை நீக்கிய பிறகுதான்.