அண்ணாவுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்த சிரிப்பு

சேலையூர்,
விஜயதசமி, 2008.

தேவரீர் அண்ணா ஸ்ரீரங்கனுக்கு, தம்பி சுந்தரராமன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. மன்னிக்கும் அவ்வண்ணமே என் நமஸ்காரங்கள். இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உடம்பு க்ஷேமம், மனசு க்ஷேமமில்லை. எத்தனை தடவை போன் செய்தாலும் மன்னி எடுத்து, "அவர் தூங்கறார்" என்று வைத்துவிடுகிறாள். நியூ ஜெர்சியில் காலை பத்து மணிக்கு நீங்கள் தூங்கியதாகச் சரித்திரமே கிடையாது. கோபம் என்று எனக்குப் புரிகிறது. கோபப்படாவிட்டால்தான் ஆச்சரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினோமே, அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் முதலில் லைசென்ஸ் பரீட்சை கதையைச் சொன்னீர்கள், தாம்பரம் பழக்கத்தில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்ததில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமெரிக்கன் பயந்து இறங்கிவிட்டான் என்று. நான் அதற்கு உடனே விழுந்து விழுந்து சிரித்தேன். சத்தியமாக அதற்குத்தான் சிரித்தேன். ஆனால் அது உங்களிடம் உடனே போய்ச் சேரவில்லை, நீங்கள் தம்பி என்ன இப்படி உம்மென்று இருக்கிறான் என்று நினைத்து அடுத்த விஷயத்துக்குப் போய், "நெஞ்சுல அடைப்பு இருக்குடா, ஆபரேஷன் பண்ணணுங்கறா" என்றபோது போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் இங்கே பதறிப்போய், "ஐயையோ, பெருமாளே, இது என்ன சோதனை!" என்று கத்தினேன். அது போய்ச் சேர்வதற்குள் மன்னி, "ரோஹிணிக்கு வரன் குதிர்ந்துடுத்து, நல்ல இடம்" என்று பெண்ணின் கல்யாணத்தைச் சொல்லிவிட்டாள். அதற்கு நான், "சீக்கிரம் ஆகட்டும்ணா, தள்ளிப்போடவே கூடாது, இதுக்குத்தான் நான் எத்தனை வருஷமா காத்துண்டிருக்கேன்!" என்றேன். அது அங்கே கேட்பதற்குள் நீங்கள், "உயில் எழுதிடலாம்னு இருக்கேன், நீ இருக்கற வீட்டை உன் பேருக்கே வச்சுடறேன்" என்கிறீர்கள். அப்புறம் உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். திரை கறுத்துப்போச்சு. நான் அதையும் லைன் கோளாறு என்று நினைத்து, பத்து நிமிஷம் கறுப்புத் திரையைப் பார்த்து "அண்ணா, தெரியறதா?" என்று கேட்டுண்டே இருந்தேன்.

இதுக்கெல்லாம் காரணம் மாடியில் இருக்கும் முனீர் என்று முடிவு கட்டினேன். கேம்ப் ரோட்டில் செருப்புக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். இன்டர்நெட் லைனை ரெண்டு வீடும் பங்கு போட்டுண்டிருக்கோம், என் ஹாலில் இருக்கும் ரௌட்டர் பெட்டியிலிருந்து அவர் வீட்டுக்கு ஜன்னல் வழியா ஒரு ஒயர் போறது. மேலே உட்கார்ந்து படம் பார்த்தே நம்ம பேச்சை நெரிக்கறா என்று கத்திரிக்கோலை எடுத்து ஒயரை நறுக்கிவிட்டேன். நறுக்கினது டிவி ஒயர். ஆத்துக்காரி ரமா பார்த்துண்டிருந்த சீரியலில் மாமியார் வாயைத் திறந்த இடத்தில் படம் நின்றுபோய், அந்த மாமியார் பாக்கி வைத்த திட்டை ரமா என்னிடம் முடித்தாள். சாயந்திரம் முனீர் குடும்பத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கி, விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இன்னா சார் நீங்க, காலைலேர்ந்து நாங்க படப்பைல நிக்காஹ்ல பிரியாணி துன்னுகினு இருந்தோம். வூடு பூட்டிக் கீது, எவன் சார் படம் பாத்தான்?" எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

அவர் பெண் ஃபரா இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள்தான் என் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அங்கிள், பேசும்போது ஏதாவது அனுப்பினீங்களா?" அனுப்பினேன்! பேரனின் ஆண்டுநிறைவு போட்டோ கேட்டீர்களே என்று, பேச உட்காருவதற்கு முன்னால் மொத்தத்தையும் உங்களுக்கே அனுப்பச் சொல்லி அமுக்கிவிட்டுத்தான் வந்தேன். "நமக்கு வர்ற பாதை அகலம் அங்கிள், போற பாதை சந்து. போட்டோ எல்லாம் முன்னாடி நிக்குது, உங்க குரல் பின்னாடி க்யூல நின்னுதான் போகணும். இந்த ரௌட்டர் பெட்டிக்கு இடமில்லைன்னு சொல்லவே தெரியாது, எவ்ளோ வந்தாலும் நிக்க வச்சுக்கும்" என்றாள். தாம்பரம் ஸ்டேஷனில் முன்னால் நிற்கிறவன் ஊருக்கே டிக்கெட் வாங்க, பின்னால் நிற்கிறவன் ரயிலை விடுவானே, அந்தக் கதைதான். நீங்கள் பேசினது எனக்கு அப்போதைக்கப்போது கேட்டது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஃபரா பெட்டிக்குள் என்னவோ மாற்றி, பேச்சு முதலில் போகட்டும், மற்றதெல்லாம் காத்திருக்கட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டாள்.

அண்ணா, வீடு எனக்கு வேண்டாம், உயிலைக் கிழித்துப் போடுங்கள். நெஞ்சில் கத்தி வைக்கப் போகிற சமயத்தில் தம்பி சிரித்தான் என்ற நினைப்போடு நீங்கள் படுக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. நான் சிரித்தது ஹாரனுக்கு. ஆபரேஷன் என்றதும் நான் பெருமாளைத்தான் கூப்பிட்டேன், அது உங்களுக்கு நேரத்தில் வந்து சேராமல் போனதுதான் என்னை அரிக்கிறது.

சௌ. ரோஹிணிக்கு என் பரிபூர்ண ஆசீர்வாதம். இது அவள் கல்யாணத்துக்குத்தான், வேறு எதனோடும் சேர்த்துப் படிக்க வேண்டாம்.

தங்கள் அன்பை விட்டால் போக்கிடமில்லாத தம்பி,
சுந்தரராமன்

பின்குறிப்பு: தபால் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் வரும் என்று ரமா சொன்னதால், மேலே உள்ளதைக் கடையில் கொடுத்து ஸ்கேன் எடுத்து, விட்டுப்போன போட்டோக்களையும் சேர்த்து இன்று சாயந்திரம் உங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். ஃபராவின் ஏற்பாடு இருக்கிற தைரியம். ஆனால் நேற்று ஆயுத பூஜைக்கு நான் அந்தப் பெட்டியைத் துடைத்து, பின்பக்கம் ஒரு பொடி ஓட்டையில் இருந்த தூசியை ஈர்க்குச்சியால் அழுத்திக் குடைந்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். பெட்டியின் குட்டி விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது. அம்பாள் ஏற்றுக்கொண்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே குத்தினால் பெட்டி சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்துவிடுமாம், ஃபரா இப்போதுதான் சொன்னாள். போட்டோ போய்க்கொண்டிருக்கும்போதே நீங்களே கம்ப்யூட்டரில் கூப்பிட்டீர்கள். "இன்னும் அதையே நினைச்சுண்டு இருக்கியாடா?" என்றீர்கள். "ரொம்ப வருத்தமா இருக்குண்ணா, தாங்கவே முடியலை" என்று உடனே சொன்னேன். நீங்கள் அசையவில்லை. மன்னி குறுக்கே வந்து, "ஆபரேஷனே வேண்டாமாம் சுந்தரம், மாத்திரை போதுமாம், இன்னும் இருபது வருஷம் ஜம்முனு இருப்பாராம்!" என்றாள். அப்போதுதான் என் வருத்தம் அங்கே போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. மன்னி கேமராவை மூடுவது மட்டும் தாமதமில்லாமல் தெரிந்தது.