பாட்டுப் பெட்டியும் ஒரு நிமிஷக்காரரும்

ஒரு நிமிஷக்காரர் என்று ஓர் இனம் உண்டு. காஞ்சிபுரத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவில் தாராளம். நல்ல மனிதர்கள்தாம். வம்புக்குப் போக மாட்டார்கள், பசி என்று வந்தவனுக்குத் தங்கள் இலையையே தள்ளிவிடுவார்கள். வீட்டில் ஏதாவது ஒன்று ஓடாமல் நின்றுபோனால் மட்டும் அவர்கள் பக்கத்தில் போகாதீர்கள். "ஒரு நிமிஷம்" என்பார்கள். அந்த நிமிஷத்துக்குள் பிள்ளை பெற்றுப் பெயரும் வைத்துவிடலாம்.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். நின்ற பொருளை முதலில் தட்டுவார். பிறகு அணைத்துப் போடுவார். பிறகு அதில் உள்ள ஓட்டைகளையெல்லாம் ஊதுவார். அது ஏதாவது சொல்ல வந்தால் சொல்லி முடிப்பதற்குள் வாயை அடைப்பார். "நேத்து ஓடுச்சே!" என்று அதனிடமே நியாயம் கேட்பார். நேற்று ஓடியதில் யாருக்கையா சந்தேகம்?

என் பக்கத்து வீட்டுக் காசிநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவனே வந்து மறுத்தாலும் விடுவதாக இல்லை. பட்டுத் தறி வைத்திருக்கிறான். தறியில் ஓர் இழை அறுந்தால், அந்த ஓர் இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்கிற பொறுமைசாலி. அதே ஆள்தான் வீட்டில் ஒரு பாட்டுப் பெட்டியும் செய்து வைத்திருக்கிறான். மியூசிக் சர்வர் என்று அதற்குப் பெயர். மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அங்கிருந்து தறிக்கூடம், சமையல்கட்டு, மாடி, வாசல் என்று எல்லா ஸ்பீக்கருக்கும் ஒயர் இல்லாமலே பாட்டு போகும். எங்கள் தெருப் பெண்கள் பாடிய கோலாட்டப் பாட்டுகளையும் அவன்தான் பதிந்து அதற்குள் போட்டான். "என் போனுக்கு அனுப்புண்ணா" என்று யாராவது கேட்டால் அனுப்ப மாட்டான்.

"போன்ல கேட்டா தாளம் தேஞ்சிபூடும்மா."

அந்தப் பாட்டுக்குத்தான் விஜயதசமி சாயங்காலம் தெருவில் கோலாட்டம். அவன் மகள் கீர்த்தியும் தெருப் பெண்பிள்ளைகளும் மாதக்கணக்கில் பழகியிருந்தார்கள். காலையில் கடைசியாக ஒரு முறை ஆடிப் பார்க்கலாம் என்று பெட்டியைப் போட்டால், கிளம்பவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று உட்கார்ந்தான் காசிநாதன். அவன் மனைவி பிரியதர்ஷினி அப்போதுதான் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

முந்தின நாள் சரஸ்வதி பூஜை. தறிக்கும் ஓய்வு, பெட்டிக்கும் ஓய்வு. தறியில் ஓடும் நாடா, கத்தரிக்கோல், கீர்த்தியின் பாடப் புத்தகம், கோலாட்டக் கோல்கள் என்று எல்லாவற்றையும் காசிநாதன் தன் கையாலேயே சாமி முன்னால் அடுக்கி, சந்தனம் வைத்து, பட்டுத் துணி போர்த்தி, பூச்சரம் சுற்றியிருந்தான். மறுநாள் அவனே கற்பூரம் காட்டி எடுக்க வேண்டும். அதுவரை துணிமேல் யாரும் கை வைக்கக் கூடாது. அவன் போட்ட சட்டம்.

"பூஜைய முடிச்சிட்டு உக்காருங்களேன். பொங்கல் ஆறுது" என்றாள் பிரியதர்ஷினி.

"ஒரு நிமிஷம்மா. இத்த ஓடவுட்டுட்டு வரேன்."

திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. கீர்த்தி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பாட்டு இருக்குற எடத்தயே காணோம்னு சொல்லுதுபா."

"அது அப்பிடித்தாம்மா சொல்லிக்கினு இருக்கும். சாஃப்ட்வேர் கோளாறு."

மூடிவிட்டான். எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவன் படிக்காமல் மூடினால் அதற்கு என்ன பெயர்? அப்புறம் கரண்டைத் திட்டினான், எதிர்வீட்டு மிக்சியைச் சந்தேகப்பட்டான், இந்தியில் எவனோ பேசுகிற வீடியோவை இந்தி தெரியாமலே தலையாட்டித் தலையாட்டிப் பார்த்தான், ஓரிக்கையில் இருக்கும் மைத்துனன் பிரேம்நாத்துக்குப் போன் போட்டான், அவனும் இதே இனமாகையால் இருவருமாக யோசித்து, அந்தச் சாஃப்ட்வேரையே வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஏற்றினார்கள். ஓர் இழைக்காகத் தறியில் இருந்த பாவு நூல் மொத்தத்தையும் அறுத்தாயிற்று. புதிதாக ஏற்றியதும் என்ன வந்தது? அதே சிவப்பு எழுத்து.

வெயில் சாய்ந்தது. பாவாடையும் பூவுமாகப் பெண்பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

"கோலயாவது எடுத்துக் குடுபா. சும்மாவாவது தட்டிப் பாக்குறோம்."

"பூஜ ஆவாம எடுக்கக் கூடாதும்மா."

"அப்ப பூஜ பண்ணு!"

"ஒரு நிமிஷம்!"

கீர்த்தியின் உதடு பிதுங்கியது. இனி அடுத்த வருஷம்தான் என்று ஒருத்தி பூவைக் கழற்ற ஆரம்பித்தாள். "டேய் காசி, எழுந்திருடா!" என்று நானும் கத்தினேன். "இரு பெரிம்மா" என்றான், தலையைத் திருப்பாமல்.

பிரியதர்ஷினி கத்தவில்லை. தட்டில் கற்பூரத்தை ஏற்றினாள். எரிய எரியக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். எரிகிற கற்பூரத்தை ஒரு நிமிஷம் இரு என்று சொல்ல முடியுமா? எழுந்தான். ஒரு கண் சாமிமேல், ஒரு கண் திரைமேல். தட்டைச் சுற்றினான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், துணியை விலக்கினான்.

கோல்கள். நாடா. கத்தரிக்கோல். புத்தகம். அதன்மேல், சந்தனப் பொட்டும் துண்டு மல்லிகையுமாக, கறுப்பாக ஒரு சின்ன டிஸ்க். பாட்டு மொத்தமும் இருப்பது அதற்குள்தான். பாட்டும் சரஸ்வதிதானே என்று முந்தின நாள் பெட்டியிலிருந்து அவனே பிடுங்கி வைத்தது.

ஒப்புக்கொள்வான் என்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறவர் இந்த இனத்திலேயே சேர்த்தியில்லை.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றான்.

செருகினான். தறிக்கூடம், சமையல்கட்டு, மாடி, வாசல் எல்லாம் ஒரே நேரத்தில் பாட ஆரம்பித்தன. பிள்ளைகள் கோல்களை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். எவ்வளவு அழகாகச் சுற்றினார்கள், தெரியுமா! எல்லோரும் அவர்களைத்தான் பார்த்தோம், ஒருவனைத் தவிர. அவன் வாசற்படியில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சத்தம் லேசா அடைக்குது. ஒரு நிமிஷம்..." என்று கை மெல்ல நீண்டது. சுற்றி வந்த கீர்த்தி போகிற போக்கில் அந்தக் கைமேல் கோலால் ஒன்று வைத்தாள். தாளம் தப்பவே இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ரிமோட் வேலை செய்யாதபோது அதைத் தொடையில் தட்டி, பேட்டரியை உருட்டி உருட்டி விட்டது யார்? என் கிரைண்டரை நான் தட்டுவது வேறு. அது அடிக்குத்தான் பணியும். உங்கள் வீட்டில் ஏதாவது ஓடாமல் நின்றால், எதற்கும் முதலில் ஒயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தது யாரப்பா?