மூட்டைக்குப் பின்னால் ஓர் அதிகாரி

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார், என் சின்னவள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த வாரம். நாத்தனாருக்குச் சான்றிதழ் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அன்று காலை ஜெபத்தில், பைபிளில் ராஜாவாகத் தெரிந்தெடுக்கப்பட்ட சவுல் மூட்டை முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்ட பகுதியை வாசித்திருந்தோம். "எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் அப்படித்தான் அண்ணி" என்றாள்.

அவர் பதிவறையில் பழைய காகிதங்களைக் கட்டி அடுக்குகிறவர். எல்லாரும் நெட்டையர் என்பார்கள். அங்கே தலைமை அதிகாரி ஓய்வு பெற்றார். புது அதிகாரி வருவதற்கு முன்னாலேயே புது நாற்காலி வந்துவிட்டது. கால் கொஞ்சம் உயரம். திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை. ஆகவே நாற்காலிக்கு ஏற்ற அதிகாரியைத் தேடுவதென்று தேர்வுக்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

பணிமூப்புப்படி ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் கால் அந்தரத்தில் தொங்கியது. கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த நெட்டையரையும் உட்காரச் சொன்னார்கள். பாதம் தரையில் பதிந்தது. இவர்தான் அதிகாரி என்று கைதட்டினார்கள்.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னவர் பதிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். எந்தக் கையெழுத்து எந்த அதிகாரியைக் கோர்ட்டுக்கு இழுத்தது என்று இருபத்தாறு வருஷமாகக் கட்டிக் கட்டி அவருக்கு மனப்பாடம்.

கதவை உடைக்கலாம். அதற்குத் தலைமை அதிகாரியின் அனுமதி வேண்டும். தலைமை எழுத்தர் முறைப்படி ஒரு மனு எழுதி, கதவின் கீழ் இடுக்கில் தள்ளினார். பழைய காகிதங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய தோஷம், நெட்டையர் அதில் 'நேரில் பேசவும்' என்று குறித்துத் திருப்பித் தள்ளினார்.

"எங்கே வந்து பேசறதுங்க ஐயா?" என்று எழுத்தர் பணிவாகக் கேட்டார்.

அங்கே ஒரு அம்மா எட்டு மாதமாக நடந்துகொண்டிருந்தாள். இறந்துபோன கணவரின் வேலை மகளுக்குக் கிடைக்க, அன்று ஐந்து மணிக்குள் அவர் வேலை பார்த்த இடத்தில் இறப்புச் சான்று கொடுத்தாக வேண்டும். மணி நாலரை. அவள் கதவோரம் குந்தினாள்.

"ஐயா, ஒளிஞ்சுக்கிறது உங்க இஷ்டம். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஒளிஞ்சுக்கிட்டே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

தாள் உள்ளே போனது. நெட்டையர் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தார். மகளின் பெயரைப் படித்தார். போட்டுவிட்டார். அந்த அம்மா ஓடினாள், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எட்டு மாத வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்ததைப் பார்த்து மேலிடம் விசாரணை வைத்தது. மேசை இல்லாத இடத்தில் வேலை சீக்கிரம் முடிந்ததால், தாமதத்துக்குக் காரணம் மேசைதான் என்று அறிக்கை வந்தது. அவ்வளவுதான், ஒளிவது நாகரிகமாகிவிட்டது. ஓர் அதிகாரி மாடிப்படிக்கு அடியில், ஒருவர் அலமாரிக்குப் பின்னால். எளிமையான அதிகாரி என்று பேர் வாங்க வேண்டுமே. பதிவறையில் மட்டும் ஏழு பேர். கடைசியில் ஒளிய இடமில்லாமல் நெட்டையர் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

வந்த சனம் அவரைத் தாண்டிப் போய் மூடிய கதவுகளுக்கு முன்னால் வரிசையில் நின்றது.

"இங்கே கொடுங்கம்மா, நான் போட்டுத் தரேன்."

"நீங்க இருங்கண்ணே. நாங்க பெரிய அதிகாரியைப் பாக்க வந்திருக்கோம்."

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் எங்கள் ஜெபக்குழுவுக்குத் தலைவியாக யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது, ஆறு பேரும் ஒரே நேரத்தில் பைக்குள் கையை விட்டு எதையோ தேடினோம். நான் கடைசியாகத்தான் நிமிர்ந்தேன். அந்த இடம் இன்னும் காலி. வியாழக்கிழமை அடுத்த ஜெபம், அதற்குள் உங்களில் யார் வருகிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்களேன்.