ஃபாதரின் காதும் என் அளவு டேப்பும்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே அத்தானும் முழங்கால்களும் நலமா என அறிய ஆவல்.

என் மனைவியின் கத்தோலிக்க சபையில் நானும் சேரப்போவதாகப் போன மாதமே எழுதியிருந்தேன். "சேர்றதுக்கு முன்னாடி பழைய பாவத்தையெல்லாம் சொல்லித் தீர்த்துரணும், ஒண்ணு விட்டாலும் செல்லாது" என்று அவள்தான் பயமுறுத்தினாள். கடையைச் சாத்திவிட்டு மூன்று நாள் யோசித்ததில், முப்பத்தைந்து வருடத் தையற்காரனிடம் பெரிய பாவம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. சனிக்கிழமை மாலை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன், முறை வந்தது, மரத்தடுப்பின் முன் மண்டியிட்டு மெல்ல ஆரம்பித்தேன். ஃபாதருக்குக் காது மந்தம் என்று யாரும் சொல்லவில்லை. "சத்தமா சொல்லுப்பா" என்றார். சொன்னேன். "இன்னும் சத்தமா." கத்தினேன்: "அளவு டேப்பைத் தண்ணியில ஊறவச்சு இழுத்து நீட்டி வச்சிருக்கேன் ஃபாதர். நாப்பது இஞ்ச் இடுப்பு அதுல முப்பத்தாறுன்னுதான் காட்டும். வெட்டுறதும் அதே டேப்புலதான், அதனால துணி சரியா இருக்கும், ஆளும் சந்தோஷமா போவாங்க."

திரும்பிப் பார்த்தால், வரிசையில் அத்தனை பேரும் என் வாடிக்கையாளர்கள். வங்கி மேலாளர் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி நிற்கிறார். தலைமையாசிரியை நேரே வந்து, "பாவமெல்லாம் இருக்கட்டும், என் இடுப்பு முப்பதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று கேட்க, கோயிலில் பொய் சொல்லக்கூடாதே என்று முப்பத்துமூன்றரை என்றேனா, அந்தம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் ஃபாதர், "நீ ஞானஸ்நானம் வாங்குனவன்தானே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எதுக்குய்யா இவ்வளவு நேரம் கத்துன? ஞானஸ்நானமே எல்லாத்தையும் கழுவிடும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் வரிசை மொத்தமும் மருந்துக்கடை எடைமிஷினுக்குப் போயிருந்தது.

இரண்டு வாரமாகக் கடையில் ஈ ஓட்டுகிறேன். மனைவியும் பேசுவதில்லை, அவள் ரவிக்கைக்கும் அதே டேப்தான். உங்களுடையதற்கும்தான் அக்கா, மன்னித்துவிடுங்கள். வரும் ஞாயிறு ஞானஸ்நானம். தண்ணீர் பட்டதும் நான் புது மனிதன். அந்த ஆறுதலில்தான் சோறு இறங்குகிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது, போன மாதக் கடிதத்துக்கு உங்கள் பதில் வந்தது. மூன்று மாதக் குழந்தையாய் நான் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரி நர்ஸே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாளாமே. யாரிடமும் சொல்லாதே என்று அம்மா உங்களிடம் சத்தியம் வாங்கினாளாமே. கடிதத்தை ஃபாதரிடம் காட்டினேன். "அது செல்லும்பா. ஒருத்தருக்கு ஒரு தடவைதான், அதுக்கப்புறம் செஞ்ச பாவத்தைச் சொல்லித்தான் தீர்க்கணும். சனிக்கிழமை வா, எல்லாத்தையும் மொதல்லருந்து சொல்லு" என்கிறார். நீங்கள் ஞானஸ்நானம் பெறாதவர். அறுபத்தொரு வருடம் மறைத்ததை யார் காதிலும் கத்த வேண்டியதில்லை. கொடுத்துவைத்தவர் அக்கா.